தோட்டத்து நாயும் தாமான் வேலியும்



ஈப்போவைச் சுற்றியுள்ள தாமான்களில் அண்டை வீட்டாரிடையே மூளும் சண்டைகளின் காரணங்களைப் பட்டியலிட்டால், வாகனம் நிறுத்தும் இடம், வேலி தாண்டிய மரக்கிளை, வடிகாலில் அடைத்த குப்பை ஆகியவற்றோடு நாய் குரைக்கும் சத்தமும் தவறாமல் இடம்பெறும். கேட்பவருக்கு இது சிறிய செய்தி. இரவில் உறக்கமிழந்து தவிப்பவருக்கோ, தான் பிள்ளை போல் வளர்க்கும் நாயைப் பக்கத்து வீட்டார் தூற்றக் கேட்பவருக்கோ இது சிறிய செய்தியன்று. பேச்சு நின்று, முகம் பார்ப்பது நின்று, கடைசியில் இரண்டு குடும்பங்களும் ஒரே வேலியின் இரு பக்கங்களிலும் பகைவர்களாக வாழத் தொடங்கிவிடுகின்றன.

இந்தச் சண்டையை இக்காலத்து நகர வாழ்வின் நோய் என்று பலரும் கருதுகின்றனர். வரலாற்றைப் புரட்டினால் வேறொரு கேள்வி எழுகிறது. நம் தாத்தாக்களும் பாட்டிகளும் தோட்டத்து லயங்களில் நாய்களோடுதான் வாழ்ந்தார்கள். அங்கும் நாய்கள் இரவெல்லாம் குரைத்தன. அங்கு இருந்த நெருக்கம் இன்றைய தாமானில்கூட இல்லை. அப்படியிருக்க, அங்கே பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளப்பட்ட அதே குரைப்பு இங்கே காவல் நிலையம் வரை போவது ஏன்? இக்கட்டுரை அந்தக் கேள்விக்கு விடை தேடும் சிறு முயற்சி.

நாய்க்கும் கல்லில் இடம் தந்தவர்கள்

தமிழருக்கும் நாய்க்கும் உள்ள உறவு மிகப் பழையது. ஞமலி, ஞாளி என்று சங்க இலக்கியம் நாயைக் குறிக்கிறது. தமிழ்நாட்டின் திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்றோர் ஊர் உண்டு. அங்கே கிடைத்த நடுகல் ஒன்று 7-ஆம் நூற்றாண்டில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தில் நடப்பட்டது. மாடுபிடிச் சண்டையில் உயிர்நீத்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்காக எழுப்பப்பட்ட கல் அது. அந்த வீரனின் அருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன். கள்வரைக் கடித்துத் தன் தலைவனுக்குக் காவல் நின்றதென்று கல்வெட்டு அந்த நாயையும் பெயர் சொல்லிப் பாராட்டுகிறது.

என் மாணவர்களுக்கு இதைச் சொன்னால் வியந்து கேட்பார்கள். மன்னர்களின் பெயர்களே மறைந்துபோன நாட்டில் ஒரு நாயின் பெயர் 1,300 ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்திருக்கிறது. நாயின் வேலை காவல். காவலின் கருவி குரைப்பு. குரைக்காத நாயை அக்காலத்தில் எவரும் வளர்த்திருக்க மாட்டார்கள். இதை மனத்தில் இருத்திக்கொண்டு பேராக்கிற்கு வருவோம்.

லயத்து நாய் யாருடையது?

1877-இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அப்போது பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தவர் சர் ஹியூ லோ. அன்றைய மரங்களுள் ஒன்று கோலகங்சாரில் இன்னும் நிற்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வாகனத் தொழில் வளர்ந்து ரப்பர் விலை ஏறியதும், சுங்கை சிப்புட் முதல் பீடோர் வரை காடுகள் அழிக்கப்பட்டுத் தோட்டங்கள் எழுந்தன. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி அமைக்கப்பட்டது. 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை முடிவுக்கு வந்தது. அதன்பின் கங்காணிகள் வழியாகவே நம்மவர் பெருமளவில் வந்து சேர்ந்தனர். திறன்சாராத் தொழிலாளர்களை உதவிப் பயணத்தில் அனுப்புவதை இந்திய அரசாங்கம் 1938-இல் தடை செய்யும்வரை இந்த வருகை நீடித்தது.

வந்தவர்கள் குடியேறிய இடம் லயம். நீண்ட கூரையின் கீழ் வரிசையாக அறைகள். பழைய லயங்கள் பலவற்றில் அறைகளைப் பிரித்த பலகைச் சுவர் கூரைவரை எட்டாது. ஒரு வீட்டில் குழந்தை அழுதால் லயம் முழுவதும் கேட்கும். இருள் பிரியுமுன் பிரட்டுக்குப் போகவேண்டும். வெயில் ஏறுவதற்கு முன், காற்று குளிர்ந்திருக்கும் நேரத்தில்தான் மரத்தில் பால் நன்றாக வடியும். ஆகவே தோட்டத்து மக்கள் சீக்கிரமே படுத்துவிடுவார்கள். உறக்கம் அவர்களுக்குக் கூலியோடு பிணைந்த ஒன்று. உறக்கம் கெட்டால் மறுநாள் கை தளரும், பால் குறையும், சம்பளமும் குறையும்.

இத்தகைய இடத்தில் நாய் எப்படிப் பிழைத்தது? இதற்கு மூன்று காரணங்கள் எனக்குத் தோன்றுகின்றன.

முதலாவது, நாயின் பயன் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. லயத்தைச் சுற்றிக் காடு. பாம்பு வரும், கிழங்குத் தோட்டத்தைத் தோண்டக் காட்டுப்பன்றி வரும், கோழிக் கூண்டைத் தேடி உடும்பு வரும். ஆணும் பெண்ணும் வேலைக்காட்டுக்குப் போனபின் முதியவர்களும் பிள்ளைகளுமே லயத்தில் இருப்பார்கள். அப்போது துணையாக இருந்தது நாய்தான்.

இரண்டாவது, நாய் ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. ஒருவர் வீட்டில் பிறந்து, இன்னொருவர் வீட்டுச் சோற்றைத் தின்று, மூன்றாமவர் திண்ணையில் படுத்துக்கொள்ளும். சங்கிலி இல்லை, வேலி இல்லை. அது குரைத்தால் எதற்குக் குரைக்கிறது என்பது லயத்தில் இருந்தோருக்குப் பழகியிருந்தது. அந்நியரைக் கண்ட குரைப்பு வேறு, பாம்பைக் கண்ட குரைப்பு வேறு என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். காரணம் தெரிந்த சத்தம் மனத்தை அவ்வளவாக அறுப்பதில்லை.

மூன்றாவது காரணமே முக்கியமானது. சச்சரவு எழுந்தால் போய்ச் சொல்ல ஓர் இடம் இருந்தது. மாரியம்மன் கோயில் முன்றிலில் தோட்டத்துப் பெரியவர்கள் உட்கார்ந்து இரு தரப்பையும் கேட்பார்கள். நாய் கோழியைப் பிடித்ததா, பிள்ளையைக் கடித்ததா, இரவெல்லாம் ஊளையிட்டு உறக்கத்தைக் கெடுத்ததா என விசாரிப்பார்கள். கோழிக்கு ஈடு, கோயிலுக்கு ஒரு சிறு தண்டம், எல்லார் முன்னிலையிலும் ஒரு மன்னிப்பு ஆகியவற்றோடு வழக்கு முடியும். மறுநாள் விடிவதற்குள் இருவரும் ஒரே பிரட்டில் அருகருகே நின்றாக வேண்டும் என்ற கட்டாயம், தீர்ப்பை ஏற்க வைத்தது.

அந்தப் பஞ்சாயத்தைப் பொற்காலமாக்கிப் பாடுவது என் நோக்கமன்று. அங்கே சாதியும் இருந்தது. கங்காணியின் செல்வாக்கும் இருந்தது. பெண்களின் குரல் அரிதாகவே கேட்டது. அவர்களுக்கும் மேலே துரை இருந்தார். துரை வைத்ததே சட்டம். ஆனாலும், முகத்துக்கு முகம் பார்த்துக் குறையைச் சொல்லவும், அதற்குப் பதில் கேட்கவும் ஒரு முற்றம் இருந்தது என்பதை மறுக்க முடியாது.

அரசாங்கத்தின் கண்ணில் நாய்

தோட்டத்து மக்களுக்கு நாய் துணையாக இருந்த அதே காலத்தில், காலனி ஆட்சியாளருக்கு அது சுகாதாரச் சிக்கலாகவும் காவல்துறைச் சிக்கலாகவும் தெரிந்தது. இதற்கு ஒரு பழைய எடுத்துக்காட்டு பம்பாயில் கிடைக்கிறது. 1832-ஆம் ஆண்டு தெருநாய்களைக் கொல்லுமாறு அங்கிருந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் கட்டளையிட்டனர். நாயைப் புனிதமாகக் கருதும் பார்சி மக்கள் கொதித்தெழுந்தனர். கடைகள் அடைக்கப்பட்டன, நகரமே நின்றது, படை வரவழைக்கப்பட்டது. மக்களைக் கேளாமல் நாயைப் பற்றி மேலிருந்து எடுக்கப்பட்ட முடிவு கலவரத்தில் போய் முடிந்தது.

மலாயாவில் அரசாங்கத்தின் கவலைக்கு வலுவான காரணம் இருந்தது. அது வெறிநாய்க்கடி நோய். 1952-இல் கோலாலம்பூரில் அந்நோய் பரவியபோது, நாய்களுக்குக் கட்டாயத் தடுப்பூசி போடும் பெருந்திட்டம் தொடங்கப்பட்டது. உரிமையாளரற்ற நாய்கள் அழிக்கப்பட்டன. அத்திட்டம் பெற்ற வெற்றியைப் பற்றி வெல்ஸ் என்பவர் எழுதிய கட்டுரை 1954-இல் உலகச் சுகாதார அமைப்பின் இதழில் வெளிவந்தது. ஒரு நாடு முழுமைக்கும் நாய்த் தடுப்பூசியால் நோயைக் கட்டுப்படுத்த முடியும் என்பதற்கு மலாயா உலகுக்கே சான்றாக விளங்கியது. அதன்பின் தாய்லாந்து எல்லையை ஒட்டிய பெர்லிஸ், கெடா, பேராக், கிளந்தான் ஆகிய மாநிலங்களின் பகுதிகளில் தடுப்பு வளையம் ஏற்படுத்தப்பட்டது. நம் மாநிலத்தின் வட எல்லையும் அவ்வளையத்துக்குள் அடங்கும். 2015-இல் வட மாநிலங்களிலும் 2017-இல் சரவாக்கிலும் நோய் மீண்டும் தலைகாட்டியது. ஆகவே, நாய்க்கு உரிமம் எதற்கு, தடுப்பூசி எதற்கு என்று சலித்துக்கொள்வோர் இந்த வரலாற்றை நினைவில் கொள்ளவேண்டும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இச்சட்டங்கள் எல்லாம் நாயைப் பற்றியவை. நாயால் முறிந்த மனித உறவைப் பற்றி அவற்றில் ஒரு வரியும் இல்லை.

அவசரகாலத்து இரவுகள்

1948 ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1950-இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி காட்டோரத்தில் வாழ்ந்தோர் முள்வேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். இத்தகைய கிராமங்கள் பேராக்கில்தான் மிக அதிகம். தோட்டத் தொழிலாளர்களும் பல இடங்களில் வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டனர். இரவில் ஊரடங்கு.

அந்த இரவுகளில் நாய்க்குரைப்புக்குப் புதுப்பொருள் ஏற்பட்டது. குரைத்தால் வேலிக்கு வெளியே யாரோ நடமாடுகிறார்கள் என்று பொருள். வருவது காட்டிலிருந்து வந்தவரா, சுற்றுக்காவல் படையா என்று தெரியாது. இரண்டுமே அச்சந்தரும். நாய் குரைத்தால் விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளை அணைத்தபடி மூச்சடக்கிக் கிடந்த கதையைப் பேராக்கின் முதியவர்கள் பலர் சொல்வார்கள். நாயைத் திட்டும் எண்ணம் அப்போது யாருக்கும் வந்திராது.

தோட்டம் போனது, நாய் கூடவே வந்தது

விடுதலைக்குப் பின் ஐரோப்பிய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றனர். வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடியும் விற்றனர். இதுவே நாம் தோட்டத் துண்டாடல் என்று சொல்லும் துயரம். அதைத் தடுக்கும் முயற்சியாக, சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தரான துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர்களிடம் பங்குப்பணம் திரட்டி, அவர்களையே தோட்ட உரிமையாளர்களாக்க முனைந்தார். அது பலரைக் காத்தது. எல்லாரையும் காக்க இயலவில்லை. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நகரத்தை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறின. லயங்கள் இடிந்தன. மக்கள் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் வந்து சேர்ந்தனர்.

வரும்போது சாமி படத்தையும் அம்மிக்கல்லையும் கொண்டுவந்தார்கள். நாயையும் கூட்டிவந்தார்கள். கொண்டுவர முடியாமல் போனவை காடும் கோயில் முற்றமும்.

தெரஸ் என்று நாம் சொல்லும் வரிசை வீட்டில் நாயின் நிலை மாறிவிட்டது. முன்பு அவிழ்த்துவிடப்பட்டுத் திரிந்த நாய் இப்போது இரும்புக் கதவருகே சங்கிலியில் கட்டப்பட்டது. வீட்டார் காலையில் வேலைக்குப் போனால் மாலையில்தான் திரும்புகின்றனர். தபால்காரர், குப்பை லாரி, பள்ளிப் பேருந்து, எதிர்வீட்டுப் பூனை என அது நாள்முழுதும் யாரையாவது பார்த்துக் குரைத்துக்கொண்டே இருக்கிறது. ஒன்று குரைத்தால் சாலை முழுவதும் தொடர்கிறது. நாயின் இயல்பு மாறவில்லை. அதற்கு வேலை இல்லாமல் போனதும், துணை இல்லாமல் போனதும்தான் மாற்றம்.

அண்டை வீட்டாரும் மாறினர். லயத்தில் ஒருவரையொருவர் மூன்று தலைமுறையாக அறிந்திருந்தனர். தாமானில் இடப்பக்கம் மலாய்க் குடும்பம், வலப்பக்கம் சீனக் குடும்பம், எதிரே வேறு தோட்டத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பம். நம் நாட்டு முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி மரபில் நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவவேண்டும். ஆகவே வேலியோரத்தில் கட்டிய நாய் அவர்களுக்குச் சத்தத்தால் மட்டும் தொல்லையன்று. அந்தச் சங்கடத்தை அவர்கள் வாய்திறந்து சொல்லத் தயங்குவார்கள். நாமும் கேட்பதில்லை. சொல்லாத குறை உள்ளுக்குள் புளித்துப்போகிறது.

மீண்டும் ஒரு முற்றம்

1975-இல் அரசாங்கம் ருக்குன் தெத்தாங்கா என்னும் அண்டை அயலார் அமைப்பைத் தொடங்கியது. அது பதற்றமான காலம். அவ்வாண்டு நவம்பர் மாதத்தில்தான் பேராக் காவல்துறைத் தலைவர் கூ சோங் கோங் ஈப்போவில் சுட்டுக் கொல்லப்பட்டார். எனவே அமைப்பின் முதல் வேலை இரவுக் காவலாகவே இருந்தது. குடியிருப்பில் உள்ள ஆண்கள் முறைவைத்து இரவில் சுற்றி வந்தனர். அந்நியரான அண்டை வீட்டார், கைவிளக்கோடு ஒன்றாக நடந்தபோதுதான் ஒருவர் பெயரை ஒருவர் கற்றனர். 1980-களில் பாதுகாப்பைவிட அண்டை உறவுக்கு முதன்மை தரப்பட்டது.

அண்டை வீட்டுப் பூசலைக் கவனியாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2001 மார்ச் மாதம் கம்போங் மேடான் காட்டிவிட்டது. பெட்டாலிங் ஜெயாவின் ஏழ்மை மிகுந்த அக்குடியிருப்புப் பகுதியில், ஒரு திருமண வீட்டையும் ஒரு துக்க வீட்டையும் ஒட்டி எழுந்த சச்சரவு, ஆறு உயிர்களைப் பலிகொண்ட கலவரமாக வளர்ந்தது. இறந்தவருள் பெரும்பாலோர் நம்மவர். சிறுபொறி என்று நாம் ஒதுக்குவதற்கு அருகில் எவ்வளவு காய்ந்த சருகு கிடக்கிறது என்பதை யாரும் அளந்து பார்ப்பதில்லை.

2007-இல் ஒற்றுமைத் துறை சமூக நடுவர் திட்டத்தைத் தொடங்கியது. குடியிருப்புகளிலிருந்தே ஆள்களைத் தேர்ந்து, இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசவைக்கும் பயிற்சி அளித்தது. 2012-இல் இயற்றப்பட்ட ருக்குன் தெத்தாங்கா சட்டம், குடியிருப்பாளரிடையே எழும் தகராறுகளைச் சமரசம் செய்வதை அவ்வமைப்பின் பணிகளுள் ஒன்றாகவே எழுதிவைத்தது. மாரியம்மன் கோயில் முன்றிலில் இழந்ததில் ஒரு பகுதி சட்டத்தின் வழியாகத் திரும்பி வந்தது என்றே நான் இதைப் பார்க்கிறேன். இம்முறை அதில் பெண்களும் நடுவர். எல்லா இனத்தவரும் நடுவர்.

ஒரு வகுப்பறையில் கேட்ட குரைப்பு

சில ஆண்டுகளுக்கு முன் என் நான்காம் ஆண்டு வகுப்பில் அருகருகே அமர்ந்திருந்த இரு சிறுமியர் திடீரென்று பேசாமல் போயினர். விசாரித்தபோது காரணம் நாய் என்று தெரிந்தது. இருவரின் வீடும் பக்கத்துப் பக்கத்து வீடு. ஒரு சிறுமியின் தந்தை தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவர், பகலில்தான் உறங்கவேண்டும். மற்றவளின் வீட்டு நாய் பகல்முழுதும் குரைக்கும். "அந்த வீட்டுப் பிள்ளையோடு சேராதே" என்று வீட்டில் கட்டளை.

நாய் வளர்த்தவரிடம் பேசினேன். "சார், எங்கள் நாய் குரைப்பதே இல்லை. வேண்டுமென்றே பழி சொல்கிறார்கள்," என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் வீட்டில் இருக்கும்போது நாய் குரைப்பதில்லை. அவர் வேலைக்குப் போனபின் தனிமையில் குரைக்கிறது. தன் காதால் கேளாத ஒன்றை அவர் எப்படி நம்புவார்? மற்றவரோ, இதை எல்லாம் தெரிந்துகொண்டே செய்கிறார் என்று உறுதியாக நம்பினார். இருவருமே தத்தம் அளவில் உண்மை பேசினர். நடுவில் கேட்பவர் ஒருவர் இல்லாததால் உண்மைகள் இரண்டும் மோதிக்கொண்டன.

குடியிருப்பின் நடுவராக இருந்த சீன அம்மையார் ஒருவர் இருவரையும் அழைத்துப் பேசினார். முதலில் ஒரு வாரத்துக்கு, நாய் எந்த நாளில், எந்த மணியில், எவ்வளவு நேரம் குரைக்கிறது என்று எழுதிவரச் சொன்னார். கைப்பேசியில் பதிவும் செய்யச் சொன்னார். பதிவைக் கேட்ட நாயின் உரிமையாளர் வாயடைத்துப் போனார். பேச்சினூடே இன்னொன்றும் வெளிப்பட்டது. இரு குடும்பத்துத் தாத்தாக்களும் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரே தோட்டத்தில் மரம் சீவியவர்கள். பக்கத்து வீட்டில் ஐந்தாண்டுகள் வாழ்ந்தும் அது இருவருக்கும் தெரியாது!

முடிவு எளிமையானது. நாயைச் சாலையோரக் கதவிலிருந்து பின்கட்டுக்கு மாற்றினர். சங்கிலியை அவிழ்த்து உலவ இடம் விட்டனர். காலையில் வேலைக்குப் போகுமுன் அரைமணி நேரம் நடக்க அழைத்துச் சென்றனர். தொலைபேசி எண்களைப் பரிமாறிக்கொண்டனர். உடன்பாட்டை எழுதி இருவரும் கையொப்பமிட்டனர். நாய் முற்றாக வாய்மூடிவிடவில்லை. குப்பை லாரி வந்தால் இன்றைக்கும் அது குரைக்கத்தான் செய்யும். ஆனால் அதைக் கேட்டு இப்போது யாரும் பல்லைக் கடிப்பதில்லை. பிள்ளைகள் இருவரும் மறுபடியும் ஒரே உணவுப் பொட்டலத்தைப் பகிர்ந்துகொண்டதைப் பார்த்தேன். ஆசிரியனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

சட்டம் எதுவரை வரும்?

பேச்சு பலிக்காத இடங்களும் உண்டு. அப்போது சட்டத்தை நாடுவதில் தவறில்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம், தொல்லைகளை அகற்றும் அதிகாரத்தை மன்றங்களுக்குத் தருகிறது. அதன்கீழ் அமைந்த துணைவிதிகளின்படி நாய்க்கு உரிமம் பெறவேண்டும். பல மன்றங்களில் வீட்டின் வகைக்கேற்ப நாய்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. அடுக்குமாடிகளில் 2013-ஆம் ஆண்டு அடுக்கக நிர்வாகச் சட்டத்தையொட்டி 2015-இல் வந்த விதிகள், மற்றவருக்குத் தொல்லை தரும் விலங்கை வளர்ப்பதைத் தடுக்கின்றன. இரவில் படுக்கையறையில் திடீர்ச் சத்தம் 45 டெசிபெலைத் தாண்டக்கூடாது என்று உலகச் சுகாதார அமைப்பு 1999-இல் பரிந்துரைத்தது. அருகில் நின்று குரைக்கும் நாயின் சத்தம் அதை எளிதில் தாண்டிவிடும். ஆகவே உறக்கம் கெடுகிறதென்று சொல்பவரைச் 'சிடுமூஞ்சி' என்று ஒதுக்குவது நியாயமாகாது.

அண்டை நாடான சிங்கப்பூர் இதில் தெளிவான வழி வகுத்துள்ளது. 1998-இல் அங்கே சமூக நடுவர் மையம் தொடங்கப்பட்டது. 2015-இல் இயற்றப்பட்ட சட்டம் அண்டை வீட்டுத் தகராறுகளுக்கெனத் தனி நடுவர் மன்றத்தை அமைத்தது. வளர்க்கும் விலங்கு அளவுக்கு மீறிச் சத்தமிட விடுவதும் அங்கே வழக்குக்குரியது. 20,000 சிங்கப்பூர் வெள்ளிவரை இழப்பீடு கிடைக்கலாம். அங்கேயும் முதற்படி பேச்சுதான், வழக்கு கடைசிப்படி.

ஒன்றை மட்டும் எவரும் செய்யக்கூடாது. அது நஞ்சு வைப்பது. 2017 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள விலங்கு நலச் சட்டப்படி, விலங்கை வதைப்போருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். சட்டம் கிடக்கட்டும். குற்றம் ஏதும் அறியாத ஓர் உயிரைக் கொன்றபின் எந்த முகத்தோடு வேலிக்கு இப்புறம் நிற்பது?

செய்யக்கூடியவை

நாய் வளர்ப்போர், தாம் வீட்டில் இல்லாதபோது நாய் என்ன செய்கிறது என்று பக்கத்து வீட்டாரைத் தாமே முன்வந்து கேட்கலாம். நாளுக்கு ஒருமுறையேனும் நடக்க அழைத்துச் செல்லலாம். சாலையைப் பார்க்கும் இடத்தில் கட்டாமல் தவிர்க்கலாம். உரிமத்தையும் தடுப்பூசியையும் காலந்தவறாமல் புதுப்பிக்கலாம்.

தொல்லைக்கு ஆளானோர், கோபம் தலைக்கேறிய நள்ளிரவில் போய்க் கதவைத் தட்ட வேண்டா. நாள், நேரம், நீளம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, மாலையில், முடிந்தால் தின்பண்டம் ஏதேனும் கையிலெடுத்துக்கொண்டு போகலாம். "உங்கள் நாய் கெட்டது" என்பதைவிட "எனக்கு உறக்கம் வரவில்லை" என்று சொல்வது காதில் ஏறும். இரண்டு முறை பேசியும் பயனில்லையேல் குடியிருப்பின் நடுவரை நாடலாம். அதற்கும் அப்பாலே மன்றத்துக்குப் புகார்க் கடிதம். முதலிலேயே கடிதம் போனால், மன்றத்து வண்டி வந்து நாயைப் பிடித்துப் போகலாம். அதன்பின் அந்த இரு வீடுகளுக்கும் இடையே உறவு முளைப்பது அரிது.

வீட்டுக்கு வீடு வாசற்படி என்பார்கள். நம் முன்னோர் லயத்தில் பத்தடி அறைக்குள் வாழ்ந்து, ஒருவர் இருமலை ஒருவர் கேட்டுப் பழகியவர்கள். நமக்குச் செங்கற்சுவரும் இரும்புக்கதவும் கிடைத்துள்ளன; அவை வேண்டியவையே. அந்தக் கதவைத் தாண்டிப் போய்ப் பக்கத்து வீட்டார் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்வோம். நாய் குரைக்கத் தொடங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியன்